மிளகுப் பொதியும் புல்லரிசியும்

பள்ளிகளில் சங்க காலத்துக் கடல் வாணிகம் கற்பிக்கப்படும் வேளையில் வகுப்பறை முழுதும் ஒரு பெருமிதம் பரவுவது இயல்பு. முசிறித் துறைக்கு யவனர் மரக்கலங்கள் பொன்னைச் சுமந்து வந்தன. மிளகைச் சுமந்து சென்றன. மாணவர் இதனை ஏட்டில் குறித்துக்கொள்கின்றனர். 'பழந்தமிழரின் வாணிகச் சிறப்பினை விளக்குக' என்னும் தேர்வு வினாவுக்கு இதையே விடையாக எழுதி மதிப்பெண்ணும் பெறுகின்றனர். அந்தப் பெருமிதம் பொய்யின்மேல் எழுந்தது அன்று. அதற்குச் சான்றுகள் உள்ளன. ஆயினும் அந்த விடை முடியும் இடத்தில் தொடங்க வேண்டிய வினா ஒன்று உண்டு. மிளகு மலையில் விளைந்தது. பொன் துறைமுகத்தில் இறங்கியது. துறையில் இறங்கிய பொன்னில் எவ்வளவு மலையேறிச் சென்றது? மலையிலும் காட்டிலும் அப்பொருள்களைத் திரட்டிய குடிகள் அதனால் என்ன பெற்றனர்? அக்குடிகளுள்ளும் ஆடவர் பெற்றது எது, பெண்டிர் பெற்றது எது?

காடுபடு பொருள்கள் உலகச் சந்தைக்குச் செல்லும்போது ஊர்ப்புறத்து ஏற்றத்தாழ்வு குறைகிறதா, பெருகுகிறதா என்பது இன்று பொருளியலார் பலரும் ஆராயும் செய்தி. இவ்வினாவுக்குத் தமிழில் ஈராயிரம் ஆண்டுப் பழைமையுள்ள ஒரு சான்றுத் தொகுதி இருக்கிறது. அது சங்க இலக்கியம். அதனை இந்த நோக்கில் மீண்டும் படிப்பது, அதன் பெருமையைக் குறைப்பது ஆகாது. பாடல்கள் தாமே சொல்லியிருப்பவற்றைக் கேட்பதே ஆகும்.

துறைமுகத்தின் கணக்கு

முதலில் கடலுக்கு அப்பாலிருந்து கிடைக்கும் கணக்கைக் காணலாம். உரோம அறிஞர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய 'இயற்கை வரலாறு' என்னும் நூலில், ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயம் இந்தியாவுக்குச் சென்றுவிடுகிறது என்று வருந்துகிறார். அங்கிருந்து வரும் பொருள்கள் உரோமில் அவற்றின் முதல் விலையைப்போல் நூறு மடங்குக்கு விற்கப்படுகின்றன என்றும் கூறுகிறார். கருமிளகு ஓர் இராத்தல் 4 தினாரி, வெண்மிளகு 7 தினாரி, திப்பிலி 15 தினாரி என விலைப்பட்டியலும் தருகிறார். நூறு மடங்கு என்பதைச் சொல்லுக்குச் சொல் கணக்காகக் கொள்ள வேண்டியதில்லை. பொருள் பிறந்த இடத்து விலைக்கும் அது நுகரப்பட்ட இடத்து விலைக்கும் இடையே பெரும்பள்ளம் இருந்தது என்பதை வாங்கியவர்களே அறிந்திருந்தனர் என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

அப்பள்ளத்தில் யார் யார் நின்றனர் என்பதை மற்றொரு சான்று காட்டுகிறது. வியன்னா நகரில் காக்கப்பட்டு வரும் பாப்பிரசு ஏடு ஒன்று கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, 1985இல் பதிப்பிக்கப்பெற்றது. அதன் ஒரு பக்கத்தில் முசிறி வாணிகத்துக்கு வாங்கிய கடனைப் பற்றிய ஒப்பந்தம் காணப்படுகிறது. மறுபக்கத்தில் 'எர்மபோலன்' என்னும் கப்பலில் வந்த சரக்கின் மதிப்பு எழுதப்பட்டுள்ளது. யானைத் தந்தமும் தந்தத் துண்டுகளும் கங்கைப் பகுதிச் சடாமாஞ்சியும் அதில் இடம்பெறுகின்றன. ஏட்டில் காணும் கூட்டுத்தொகை 1,154 தாலந்துக்கும் மேற்படுகிறது; ஒரு தாலந்து என்பது 6,000 திராக்மா. கடன் கொடுத்தவர், கடன் பெற்ற வணிகர், பாலைவனத்தைக் கடக்கும் ஒட்டகக்காரர், கிடங்கு, நான்கில் ஒரு பங்கைக் கொள்ளும் அரசின் சுங்கம் எனப் பலருடைய பங்கும் அங்கே கணக்கிடப்பட்டுள்ளது. எகிப்தின் பெரெனிகே துறைமுகத்து அகழாய்வில், கோயிலொன்றின் தரையில் புதைந்திருந்த இந்தியப் பானையில் ஏழு கிலோவுக்கு மேற்பட்ட மிளகு கிடைத்தது. கேரளத்துப் பட்டணம் என்னும் ஊரில் 2007 முதல் நடைபெற்ற அகழாய்வுகளில் மத்தியதரைக் கடற்பகுதி மதுச்சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன.

இச்சான்றுகளெல்லாம் வாணிகத்தின் கடைப்பாதியைக் காட்டுவன. முதற்பாதியை, அதாவது காட்டிலிருந்து துறைவரை உள்ள பாதியை, எந்தப் பாப்பிரசும் எழுதி வைக்கவில்லை. அதனைத் தமிழ்ப் புலவர்களே எழுதி வைத்தனர்.

ஒரு கொம்பின் ஐந்து விலைகள்

யானைக் கொம்பு ஒன்றையே எடுத்துக்கொண்டு அதன் வழியே செல்லலாம். குறுந்தொகையின் 100ஆம் பாடலில் கபிலர், வல்வில் ஓரியின் கொல்லிமலையைக் குறிக்கிறார். அங்குள்ள குறவர் அருவிப் பரப்பில் மலைநெல்லை விதைத்தனர். இடையே முளைத்த களையையும் பறித்தனர். அவ்வாறு உழைத்தும் அவர்தம் சிற்றூரைப் பசி வாட்டியது. அப்போது அவர்கள் யானைக் கொம்பை விற்று உண்டனர் என்கிறார் கபிலர். எர்மபோலன் கப்பலில் தாலந்துக் கணக்கில் மதிப்பிடப்பட்ட தந்தம் கொல்லிமலையில் ஒரு வேளைப் பசிக்கு விற்கப்பட்டது. இரண்டும் ஒரே கொம்பு என்று சொல்வதற்கில்லை. ஒரே வகைச் சரக்கு என்பதில் ஐயமில்லை. பசித்தவன் விற்கும் பொருளுக்கு அவன் விலை சொல்ல இயலாது; வாங்குபவன் சொல்வதே விலை. இன்று பொருளியலார் 'இடர்க்கால விற்பனை' என்று பெயரிட்டு விளக்கும் நிலையைக் கபிலர் இரண்டு அடிகளுக்குள் அடக்கிக் காட்டிவிட்டார்.

பதிற்றுப்பத்தின் 30ஆம் பாடலில் பாலைக் கௌதமனார் இன்னொரு காட்சியைத் தருகிறார். காந்தட் பூவைச் சூடிய வேட்டுவர், ஆமானின் இறைச்சியோடு யானைக் கொம்பையும் பொன் புழங்கும் அங்காடிக்குக் கொண்டுவந்து கள்ளுக்கு விலையாகக் கொடுக்கின்றனர். அங்காடியில் பொன் இருக்கிறது என்பதைப் புலவர் சொல்லாமல் விடவில்லை. ஆனால் அந்தப் பொன் வேட்டுவர் கைக்கு வரவில்லை; அவர்களுக்குக் கிடைத்தது கள். கொம்பைச் சந்தைக்குக் கொண்டுபோனவரும் அதனைக் கொடுத்தவரும் ஆடவர். பெண்டிரும் கள்ளுண்ட குறிப்புகள் சங்க நூல்களில் உண்டு. ஆயினும் மாற்றாக எதைப் பெறுவது என்று முடிவு செய்த இடத்தில் அவர்கள் இல்லை.

சிலப்பதிகாரத்துக் காட்சிக் காதையில் மூன்றாவது நிலை தோன்றுகிறது. பேரியாற்றங்கரையில் தங்கியிருந்த செங்குட்டுவனைக் காண மலைவாழ் குறவர் வருகின்றனர். யானைக் கொம்பும் அகிற்குவியலும் கவரியும் தேன்குடமும் சந்தனக் கட்டையும் ஏலமும் மிளகும் எனப் பட்டியல் நீள்கிறது. ஒரு துறைமுகக் கிடங்கின் இருப்பேட்டைப் படிப்பதுபோல் இருக்கிறது அப்பகுதி. ஆனால் அங்கே விலை என்ற பேச்சே எழவில்லை. ஏழு பிறப்புக்கும் தாங்கள் அடியவர் என்று சொல்லி, தலையில் சுமந்து வந்ததை அவர்கள் அரசன்முன் வைக்கின்றனர். பசிக்கு விற்பதும் கள்ளுக்கு மாற்றுவதும் குறைந்த விலையேனும் உடையன. திறைக்கு அதுவும் இல்லை. புறநானூற்றின் 343ஆம் பாடலில் மலைபடு பொருளையும் கடல்படு பொருளையும் கலந்து வருவோர்க்கு வழங்கும் வள்ளலாகக் குட்டுவன் போற்றப்படுகிறான். வழங்கியவன் கொடையாளி ஆனான். அப்பொருளைத் திரட்டியவர் பெயரற்றோர் ஆயினர்.

இனி நான்காவது நிலை. குறிஞ்சிக்கலியில் தலைவியும் தோழியும் வள்ளைப் பாட்டுப் பாடி நெல் குற்றுகின்றனர். அவர்கள் கையில் யானைக் கொம்பு உலக்கையாக இருக்கிறது. சந்தன மரம் உரலாக இருக்கிறது. சேம்பின் இலை முறமாக இருக்கிறது. புலவரின் கற்பனை அதில் கலந்திருக்கலாம். எனினும் அக்கற்பனை செல்லும் திசை கருதத்தக்கது. பெண்ணின் கைக்கு வரும்போது கொம்பு சரக்காக இல்லை. உணவு ஆக்கும் கருவியாக இருக்கிறது. புறநானூற்றின் 168ஆம் பாடலும் இதனோடு ஒத்துச் செல்கிறது. மிளகுக் கொடி படரும் குதிரைமலைச் சாரலில், காட்டுப் பன்றி கிளறிய நிலத்திலே குறவர் தினை விதைக்கின்றனர். புதுத்தினையை மரையாவின் பாலில் இட்டுச் சந்தன விறகால் சமைத்து, வாழையிலையில் பலரோடும் பகிர்ந்து உண்கின்றனர். மிளகு விளையும் மலையில் வயிற்றுக்கு உணவாவது தினை. புகார்த் துறையில் பெருஞ்சரக்கான சந்தனம் இங்கே அடுப்பெரிக்கும் விறகு. இப்பாடல் வறுமையைக் காட்டவில்லை, நிறைவையே காட்டுகிறது. காடு தன் மக்களுக்கு நேரே உணவளித்த காலத்தில் அவர்கள் பகிர்ந்துண்டனர். அவ்வுணவு தவறியபோது கொம்பை விற்றனர். இவ்விரண்டு பாடல்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் மாணவனுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

ஐந்தாவது விலை, முன்னரே கண்ட அலெக்சாந்திரிய வணிகரின் ஏட்டில் உள்ள விலை. உலக்கை, உணவு, கள், திறை, தாலந்து என ஒரே பொருள் ஐந்து உருவம் எடுத்தது. காட்டை விட்டு எவ்வளவு தொலைவு சென்றதோ அவ்வளவுக்கு அதன் மதிப்பு உயர்ந்தது. அதைத் திரட்டியவரின் பெயர் அவ்வளவுக்கு மறைந்தது.

பெருவழியும் குடிசையும்

பெண்டிரின் நிலையை மிகத் தெளிவாகக் காட்டும் நூல் பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய நூல் அது. பரிசில் பெறச் செல்லும் பாணன் வழியில் காணவிருப்பவற்றைப் புலவர் வரிசைப்படுத்துகிறார். அவ்வரிசை முறையையே ஒரு திறனாய்வாக் கொள்ளலாம்.

முதலில் உப்பு வணிகரின் வண்டிகள் செல்கின்றன. கைக்குழந்தையுடைய ஒரு பெண் எருதுகளைப் பின்னிருந்து ஓட்டி வருகிறாள். குழந்தையும் வண்டியும் அவள் பொறுப்பு. தொழிலின் பெயரோ ஆண்பாற் பெயராக உமணர் என்றே நிற்கிறது. அடுத்து, சுங்கம் கொள்ளும் பெருவழியிலே கழுதைகளின் சாத்து வருகிறது. பலாப்பழம் போன்ற மிளகுப் பொதிகளைச் சுமந்து சுமந்து அக்கழுதைகளின் முதுகு தழும்பேறியிருக்கிறது. பெருவழியை வில்லேந்திய காவலர் காக்கின்றனர். மிளகுக்குக் காவல் உண்டு. சுங்கச் சாவடியும் உண்டு. அரசின் கண் அப்பொதிகளின்மேல் இருந்தது என்பது இதனால் புலனாகிறது.

அந்தச் சாத்தை விட்டு நீங்கியவுடன் புலவர் நம்மை எயினர் குடிசைக்கு அழைத்துச் செல்கிறார். ஈந்தின் இலையால் வேய்ந்த அக்குடிசைக்குள், ஈன்ற பெண் ஒருத்தி மான்தோற் படுக்கையில் குழந்தையோடு முடங்கிக் கிடக்கிறாள். மற்றப் பெண்டிர் இரும்பு முனை செறித்த கோல்களை எடுத்துக்கொண்டு வெளியே செல்கின்றனர். கரம்பு நிலத்தைக் குத்திக் கிளறி, புழுதியில் அளைந்து, நுண்ணிய புல்லரிசியைச் சேர்க்கின்றனர். விளாமர நிழலில் நிலவுரலில் இட்டுக் குற்றுகின்றனர். ஆழ்ந்த கிணற்றில் சிறிதே ஊறும் உவர்நீரை முகந்து, வாய் சிதைந்த பழம்பானையை உடைந்த அடுப்பில் ஏற்றிச் சமைக்கின்றனர்.

மிளகுப் பொதிகள் செல்லும் வழிக்கும் புல்லரிசி குற்றும் முற்றத்துக்கும் இடையே பாடலில் சில அடிகளே உள்ளன. அச்சிறு இடைவெளியைக் கடந்து ஒரு காசு கூட அம்முற்றத்துக்கு வந்ததாகப் பாடல் காட்டவில்லை. உலக வாணிகத்தின் பெருவழி வாயிலருகே செல்வதால் மட்டும் வாயிலுக்குள் வளம் வந்துவிடாது. குடிசையில் உண்ணும் உணவை ஆக்குபவர் முழுதும் பெண்டிர். தோண்டுதல், சேர்த்தல், குற்றுதல், நீர் முகத்தல், சமைத்தல் என ஐந்து உழைப்புகளைப் புலவர் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறார். அவ்வுழைப்பில் எதுவும் சந்தைக்குச் செல்வதில்லை. ஆகவே எதற்கும் விலை இல்லை. விலை இல்லாத உழைப்பைப் புலவர் இத்துணை நுட்பமாக நின்று நோக்கியதே இந்நூலின் பெருஞ்சிறப்புகளுள் ஒன்று. உரைகள் பல அணிநலத்தை விளக்கும் அளவுக்கு இதனை விளக்குவதில்லை.

அதே நூலில் இவர்களுக்கு நேர்மாறான ஒரு பெண்ணும் வருகிறாள். அவள் முல்லை நிலத்து ஆய்மகள். விடியலில் தயிர் கடைகிறாள். மோரை ஊருக்குள் கொண்டு சென்று நெல்லுக்கு மாற்றுகிறாள். அந்நெல்லால் சுற்றத்தாரை உண்பிக்கிறாள். நெய்க்கு விலையாகப் பொன் தந்தபோது அதனை வேண்டாம் என்று மறுத்து, எருமையும் பசுவும் கன்றும் பெற்றுக்கொள்கிறாள். பொன்னை மறுக்கும் துணிவு அவளுக்கு எங்கிருந்து வந்தது? கடைந்தவளும் அவளே, விற்றவளும் அவளே, விலையை முடிவு செய்தவளும் அவளே. பொருள் பிறக்கும் இடம் முதல் கைமாறும் இடம் வரை அவள் கை விலகவில்லை. மேலும் அவள் அன்று பசியோடு சந்தைக்கு வரவில்லை. கொல்லிமலைக் குறவர்க்கு இவ்விரண்டும் வாய்க்கவில்லை. பதிற்றுப்பத்தின் அங்காடியில் பெண் தோன்றவேயில்லை. வாணிகம் பெண்ணை உயர்த்துமா தாழ்த்துமா என்னும் வினாவுக்கு ஒற்றைச் சொல்லில் விடை கிடையாது. பொருளும் விலையும் யார் கையில் உள்ளன என்பதைப் பொறுத்தே விடை அமையும். இதனை உருத்திரங்கண்ணனார் இரண்டு பெண்களை ஒரே நூலில் நிறுத்திக் காட்டிவிட்டார்.

பெண்ணை எதிர்த்தட்டில் வைத்த பாடல்கள்

முசிறியையும் புகாரையும் புகழும் பாடல்கள் எவ்விடத்தில் அப்புகழைச் சொல்கின்றன என்பதையும் காண வேண்டும். மிளகுக்குப் பொன் தந்த யவனரைப் பாடும் அகநானூற்றின் 149ஆம் பாடல் ஒரு வாணிகப் பாடல் அன்று. எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடிய பாலைத்திணைப் பாடல் அது. பொருள் தேடச் செல்லலாம் என்று தூண்டும் நெஞ்சிடம், பெருஞ்செல்வமே கிடைப்பதாயினும் தலைவியைப் பிரிந்து வாரேன் என்று தலைவன் மறுக்கிறான். புகாரின் பண்டங்களை அடுக்கிச் சொல்லும் பட்டினப்பாலையும் இவ்வாறே. அப்பெரும் பட்டினமே கிடைத்தாலும் இவளைப் பிரிய இசையேன் என்பதே அதன் அகப்பொருள். புறநானூற்றின் 343ஆம் பாடல் மகட்பாற்காஞ்சித் துறையைச் சேர்ந்தது. வீடுகளில் மிளகு மூட்டைகள் குவிந்திருக்க, கப்பல் தந்த பொன்னைத் தோணிகள் கரைசேர்க்கும் முசிறியைப் பரணர் பாடுகிறார். அம்முசிறி போன்ற செல்வத்தைப் பணிந்து கொடுத்தாலும், தனக்கு ஒப்பில்லாதாரை இவள் மணவாள் என்று தந்தை மகளைத் தர மறுக்கிறான் என்று பாடல் செல்கிறது.

மூன்று பாடல்களிலும் துலாக்கோலின் ஒரு தட்டில் உலக வாணிகத்தின் செல்வம். மறு தட்டில் ஒரு பெண். மூன்றிலும் தட்டு பெண்ணின் பக்கமே தாழ்கிறது. பொன்னால் பெறமுடியாத ஒன்று உண்டு என்று துணிந்து சொன்ன இலக்கியம் இது. இதனைத் தமிழாசிரியர் பெருமையோடு சொல்லலாம். ஆயினும் அத்தட்டில் அமர்ந்தவள் எந்தப் பெண் என்பதையும் உடன் சொல்ல வேண்டும். அவள் தலைவி, அல்லது காவலுடைய ஊரின் பெருங்குடி மகள். புல்லரிசி குற்றிய எயிற்றியை எவரும் முசிறியோடு வைத்து நிறுக்கவில்லை.

இங்கு இலக்கணம் ஓர் உண்மையை உணர்த்துகிறது. குறுந்தொகையில் பசித்த சிற்றூர் முதன்மைத் தொடரில் வரவில்லை; ஓரியின் கொல்லிமலைக்கு அடையாக, பெயரெச்சத்தில் வருகிறது. அப்பாடலின் நோக்கம் தலைவியின் அருமையைச் சொல்வது. பதிற்றுப்பத்தில் கள்ளுக்குக் கொம்பு கொடுத்த வேட்டுவரும் அரசனுடைய நாட்டுக்கு அடையாகவே வருகின்றனர். வினைமுற்று தலைவனுக்கும் வேந்தனுக்கும் உரியது. உழைத்தவரும் பசித்தவரும் எச்சத்தில் தங்கிவிட்டனர். எச்சத்தை விரைந்து கடந்து முற்றினைத் தேடிச் செல்வது உரைகாரர் வழக்கு. பொருள்கோளுக்கு அது வேண்டியதும் ஆகும். சமுதாயத்தை அறிய விரும்புவோர் எச்சத்தில் சற்று நின்றே செல்ல வேண்டும்.

எழக்கூடிய தடைகள்

இத்தகைய வாசிப்புக்குத் தடைகள் சில எழலாம். சங்கப் பாடல்கள் மரபுவழிப்பட்டவை. அவற்றைப் பொருளியல் புள்ளிவிவரமாகக் கொள்ளலாமா என்பது ஒன்று. கொள்ளலாகாது என்பதே விடை. எத்தனை கொம்புகள் விற்கப்பட்டன, எத்தனை குடிகள் பசித்தன என்று அவை சொல்லவில்லை. ஆனால் மலைவாழ் மக்கள் பசிக்குக் கொம்பை விற்பர் என்பது கேட்போர் வியப்பின்றி ஏற்கும் செய்தியாக இருந்ததாலேயே கபிலர் அதனை அடைமொழியில் வைத்தார். அடைமொழி என்பது புதியதை நிறுவும் இடம் அன்று. தெரிந்ததை நினைவூட்டும் இடம்.

இக்கால நோக்கினைப் பழம்பாடலில் திணிப்பதாகாதா என்பது இரண்டாவது தடை. ஈழத்து அறிஞர் கா. சிவத்தம்பி 1974இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்திணைகளைச் சமமற்ற வளர்ச்சிநிலைகள் ஒரே காலத்தில் அருகருகே நிலவியதன் வெளிப்பாடாக விளக்கினார். மருதத்தின் நெல்லும் நெய்தலின் துறையும் வளர, குறிஞ்சியும் பாலையும் பின்தங்கின என்பதற்கு அவ்வாய்வு வழி திறந்தது. திணைக்குத் திணை உள்ள ஏற்றத்தாழ்வு பேசப்பட்ட அளவுக்கு, ஒரு திணைக்குள் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு பேசப்படவில்லை. பாடல்களிலேயே உள்ளதை எடுத்துக்காட்டுவது திணிப்பாகாது.

அகிலின் தொடர்ச்சி

இச்செய்தி மலேசிய மாணவர்க்குத் தொலைவானது அன்று. பட்டினப்பாலை கூறும் காழகத்துப் பொருள்களுக்குக் கடாரத்துப் பொருள்கள் என நச்சினார்க்கினியர் உரை கூறினார். கடாரம் இன்றைய கெடாவே என்பது அறிஞர் பலர் கருத்து. மேலை மலையில் பிறந்ததாக அப்பாடல் சொல்லும் அகிலின் இனம் மலாய்த் தீவக்குறைக் காடுகளிலும் 'காரு' என்ற பெயரில் விளைகிறது. மரம் காயமுற்றுப் பூஞ்சை பற்றிய பின்னரே மணமுள்ள கருநிற வயிரம் உண்டாகும். ஆகவே அதனைத் தேடுவோர் பல நாள் காட்டில் அலைய நேர்கிறது. இத்தேட்டத்தில் பன்னெடுங்காலமாக ஈடுபட்டு வருபவர் பூர்வகுடிமக்கள். ஆடவர் காட்டுக்குச் சென்ற நாள்களில் மரவள்ளி நடுவதும் குழந்தைகளைக் காப்பதும் பெண்டிர் கடமை. காருவைக் கிராமத்தில் விற்ற விலைக்கும் அரபு நாடுகளிலும் கிழக்காசிய நாடுகளிலும் அது பெறும் விலைக்கும் உள்ள தொலைவு, பிளினி வருந்திய தொலைவை நினைவூட்டுவது. மரங்கள் அருகியதால் 1995இல் இம்மரம் பன்னாட்டு வாணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. காட்டின் உரிமையே உறுதியாகாதவரை விலையின் உரிமை உறுதியாவதில்லை. தெமுவான் மக்களின் மரபுவழி நிலவுரிமையை ஷா ஆலம் உயர்நீதிமன்றம் 2002இல் ஏற்றதும், மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005இல் அதனை உறுதிசெய்ததும் அவ்வகையில் குறிப்பிடத்தக்கவை.

பிற நாட்டு நிலையும் இதுவே. மேற்கு ஆப்பிரிக்கச் சமவெளிகளில் ஷியா மரத்துக் கொட்டைகளைப் பொறுக்கி, அவித்து, உடைத்து, வெண்ணெய் எடுப்பவர் பெண்டிர். சாக்லேட்டில் 5 விழுக்காடு வரை ஷியா முதலிய பிற கொழுப்புகளைச் சேர்க்க 2000ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் இசைந்தது. உலகச் சந்தையில் அக்கொட்டைக்கு இடம் விரிந்தது. ஆனால் மரம் நிற்கும் நிலத்தின் உரிமை பெரும்பாலும் ஆடவரிடமே உள்ளது. இந்தியாவில் 2006இல் இயற்றப்பட்ட வனவுரிமைச் சட்டம், காட்டில் சேகரிக்கும் சிறு விளைபொருள்கள்மீது அங்கு வாழ்வோர்க்கு உரிமை வழங்கியது. நிலவுரிமைப் பட்டயம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் அமைய வேண்டும் என்றும் விதித்தது. ஆய்மகள் பொன்னை மறுத்த துணிவுக்கு அடிப்படையாயிருந்த அந்த உடைமையைக் காட்டுப் பெண்ணுக்கும் தர முயலும் சட்டம் அது. விதி ஏட்டில் இருப்பதும் வாழ்வில் இறங்குவதும் வேறு வேறு என்பது உண்மையே. எனினும் முற்றத்தில் புல்லரிசி குற்றியவளின் பெயர் ஓர் ஏட்டில் ஏறியது.

மலேசியத் தமிழரின் வாழ்வையே மாற்றிய ரப்பரும் பிரேசிலின் காடுபடு பொருளாகத் தொடங்கியதே. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. பின்னர்த் தோட்டங்கள் எழுந்தன. ஆணும் பெண்ணும் ஒரே நிரையில் பால் வெட்டினர். பிரித்தானியர் ஆட்சியில் நிர்ணயிக்கப்பட்ட தினக்கூலி விகிதமோ பெண்ணுக்குக் குறைவாகவே இருந்தது. பெற்றோரோ பாட்டியோ தோட்டத்தில் உழைத்த மாணவனுக்குப் பெரும்பாணாற்றுப்படையின் எயிற்றியை அறிமுகம் செய்வது எளிது.

கற்பிக்கும் முறை

முசிறியின் பெருமையைக் கற்பிப்பதை விடவேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிவு அன்று. அதனோடு சேர்த்துக் கற்பிக்க வேண்டியவை எவை என்பதே கருத்து. அகநானூறு 149ஐக் கற்பிக்கும் பாடவேளையில் குறுந்தொகை 100ஐயும் உடன் வைக்கலாம். பட்டினப்பாலையின் பண்டப் பட்டியலைப் படித்த மாணவன், அதே புலவர் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் மிளகுச் சாத்தினையும் அடுத்த குடிசையையும் படிக்கட்டும். இரண்டையும் பாடியவர் ஒருவரே என்பதை அவன் அறியும்போது, துறைமுகத்தைக் கண்ட அதே கண் குடிசையையும் கண்டது என்பதை உணர்வான். 'வாணிகச் சிறப்பினை விளக்குக' என்னும் வினாவுக்கு அடுத்து, 'அவ்வாணிகத்தில் எவர் எதனைப் பெற்றனர் என்பதைப் பாடல் வழி ஆராய்க' என்னும் வினாவும் தேர்வுத்தாளில் இடம்பெறலாம்.

பாரி இறந்தபின் அவன் மகளிர் ஒரு சிறு வீட்டின் அருகே குப்பைமேட்டில் ஏறி நின்று, வழியே செல்லும் உப்பு வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்ததைப் புறநானூற்றின் 116ஆம் பாடலில் கபிலர் கண்ணீரோடு காட்டுகிறார். உழவர் உழாமலே தேனும் கிழங்கும் மூங்கில் நெல்லும் பலாவும் தந்த பறம்புமலையின் செல்வியர் அவர்கள். மலை கைவிட்டுப் போனபின் வாணிகம் அவர்களுக்கு எண்ணிப் பார்க்கும் காட்சியாக மட்டுமே எஞ்சியது. வண்டிகளின் எண்ணிக்கையை நம் பாடநூல்கள் நன்றாகவே கற்பித்துள்ளன. மேட்டில் நின்று எண்ணியவர்களைப் பற்றியும் இனிக் கற்பிக்க வேண்டும்.